போன வருஷத்து மாடல்

அஸ்தம்பட்டி, சேலம்
3 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

உங்கள் நம்பரை நான் பிளாக் செய்தது கோபத்தில் அல்ல, தூக்கத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நீங்கள் அனுப்பிய லேப்டாப் வீடியோக்களை எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒருத்தன் பெட்டியைப் பிரிக்கிறான். இன்னொருத்தன் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறான். மூன்றாவது ஆள் இந்தியில் பேசுகிறான். இந்தி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமேல் லேப்டாப்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையால் எழுதிக் கந்தவேல் அண்ணன் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். அவர் தினமும் சேலத்துக்கு வருகிற கண்டக்டர்தானே. கை வலித்தாலாவது சுருக்கமாக முடிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

சாயங்காலம் அத்தையின் போனில் நான் நம் பிள்ளை அபிநயாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் போனைப் பிடுங்கி, "புராசசரு ஒரு தலைமுறை முந்துனதாமா" என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவேன். நேற்று வைத்தது அதனால்தான். சார்ஜ் தீரவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் முதலையே மறந்துவிட்டீர்கள். பிள்ளையை உங்களிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டு நான் இங்கே அண்ணன் வீட்டில் தங்கி மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குப் போகிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. மாதக் கடைசியில் பயிற்சி முடிகிறது. அக்டோபர் ஆறாம் தேதி கம்பெனியில் எங்கள் லேப்டாப்பைச் சோதித்துப் பார்ப்பார்கள். சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. இல்லாதவர்கள் சென்னை ஆபீசுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. பிள்ளையை விட்டுவிட்டு நான் சென்னைக்குப் போக மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று ஒன்று கைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஆடியிலேயே நீங்கள், "நாந்தான் வாங்கித் தருவேன், நீ கம்முனு இரு" என்றீர்கள். கம்மென்று இருந்தேன். ஆவணி பாதி போய்விட்டது.

நாம் பார்த்தது இரண்டே இரண்டு. ஒன்று போன வருஷத்து மாடல். இன்னொன்று அதையே கொஞ்சம் மாற்றி இந்த வருஷம் விட்டது. என் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பயிற்சி கொடுக்கிறவரே சொல்லிவிட்டார். புதியதில் கேமரா கொஞ்சம் தெளிவு, மூடி நீலம், விலை அதிகம். அவ்வளவுதான். போன வருஷத்து மாடலை வாங்குங்கள்.

சௌந்தர்யா

*

நாமக்கல்
6 செப்டம்பர் 2025

கண்ணு சௌந்தர்யாவுக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறாள். அம்மாவும் நன்றாக இருக்கிறது. கடிதத்தோடு வருகிற முட்டை உன் அண்ணி கேட்டது, அட்டையைச் சாய்க்காமல் இறக்கச் சொல்.

நீ படித்தவள், கணக்காகப் பேசுகிறாய். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். பரமத்தி ரோட்டில் பழைய லாரி வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு. டிசம்பர் கடைசியில் ஷோரூம்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தள்ளுபடி கொடுப்பான். நாமக்கல்லில் விவரம் தெரிந்த ஒருத்தனும் எடுக்க மாட்டான். பத்து நாள் பொறுத்து ஜனவரியில் எடுத்தால் ஒரு மாடல் ஏறிவிடும். டிசம்பரில் எடுத்த வண்டி ஊரைத் தாண்டும் முன்பே ஒரு வருஷப் பழசு. பிற்பாடு விற்க வரும்போது வாங்குகிறவன் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைத்தான் திறப்பான். வருஷத்தைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கும். அந்த முகத்தைத் தினம் பார்க்கிறவன் நான். தெரிந்தே போன வருஷத்து மாடலை வாங்கு என்றால் எனக்குக் கை வருமா?

நேற்றுக் கடைக்குப் போயிருந்தேன். புதியதை ஓடவிடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். கடையில் இருந்த பெண், "ஏனுங்க, காதை எதுக்குங்க வெக்கறீங்க?" என்றாள். "சத்தம் கேக்கோணுமுங்க அம்மணி" என்றேன். மூடியைத் தட்டிப் பார்த்தேன், தகரம் இல்லை, நல்ல கட்டி. "ரெண்டு நாள் ஊட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாத்துட்டுத் தரட்டுங்களா" என்று கேட்டதற்கு உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்துவிட்டாள். ஓட்டிப் பார்க்காமல் எப்படி எடுப்பது என்று அந்த மேனேஜருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு என்னமோ புதியதுதான் மனதில் நிற்கிறது. ஒரு வாரம் கொடு.

தனபால்

*

அஸ்தம்பட்டி
9 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

லேப்டாப்புக்கு ஆர்.சி. புக் கிடையாது. எப்.சி. கிடையாது. டோல்கேட்டில் நிற்காது. அதில் நான் ஒடிசாவுக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போகப் போவதில்லை. முக்கியமாக, அதை நான் விற்கவே போவதில்லை. விற்காத பொருளுக்கு வாங்குகிறவன் எங்கிருந்து வந்தான், அவன் முகம் எங்கிருந்து சுருங்கியது?

என் பக்கத்தில் மேட்டூர்ப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். அவள் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் வேலை. சனிக்கிழமை டூட்டி முடித்து வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே வழியில் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர்கள் வாங்கியது என்ன மாடல் என்று கேட்டேன். "தெரியலக்கா, சாம்பக் கலரு" என்கிறாள். அன்று முழுக்க எனக்கு ஒரு நோய்க்கும் எண் சரியாக வரவில்லை.

பயிற்சி வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் லேப்டாப்பில் பழகுகிறார்கள். நான் வீட்டுக்குப் போய் உங்கள் கடிதத்தைப் படிக்கிறேன்.

ஒரு வாரம் கேட்டீர்கள், தருகிறேன். காதை எங்கும் வைக்காதீர்கள்.

சௌந்தர்யா

*

நாமக்கல்
15 செப்டம்பர் 2025

கண்ணுக்கு,

கோபப்படாமல் படி, நல்ல சேதிதான். நீ சொன்னதே சரி. போன வருஷத்து மாடல்தான் உத்தமம்.

எப்படித் தெரிந்தது என்றால், மாதையனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நம் மெக்கானிக்கைக் கூட்டிப் போகாமல் நான் இதுவரை ஒரு வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை, உனக்கே தெரியும். அவன் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தான். போன வருஷத்ததில் அடியில் திருகாணி இருக்கிறது, கழற்றினால் மெமரியை மாற்றலாம், கூட்டலாம். புதியதில் எல்லாவற்றையும் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்களாம். "கழட்ட முடியாத வண்டிய எவனுங்க வாங்குவான்? புதுசு புதுசுன்னு சொல்லி ஒட்டி உட்டுட்டானுங்க" என்றான் மாதையன். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புத்தி தெளிந்துவிட்டது.

அப்புறம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பாய். வாங்கத்தான் போனேன். பில் போடும்போது அந்த மேனேஜர், ஜனவரியில் இதற்கும் அடுத்த மாடல் வருகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அது வந்தால் இப்போதைய புதியது போன வருஷத்து மாடல் ஆகிவிடும், இப்போதைய போன வருஷத்தது அதற்கும் முந்தியது ஆகிவிடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் கம்பெனியில் பேசி ஜனவரி வரைக்கும் தள்ளிப் போட முடியுமா? ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.

குமாரபாளையத்தில் ஒரு கடையில் விலை குறைவு என்று பக்கத்துப் பட்டறை அப்புசாமி சொன்னான். அதையும் போய்ப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

தனபால்

*

அஸ்தம்பட்டி
17 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

தள்ளிப் போட முடியாது. கேட்கவும் மாட்டேன். உங்கள் லாரி மார்க்கெட்டுக்காக அமெரிக்காவில் நோயாளிகள் ஜனவரி வரைக்கும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி வரும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு மாடல் வரும். நாம் சாகிற வரைக்கும் அடுத்தது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துக்கொண்டே இருப்பீர்கள். இது உங்கள் தொழில் புத்தி என்று இத்தனை நாள் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நேற்று அபிநயா என்னிடம் கேட்டாள். "அம்மா, அப்பா டப்பா வாங்குனாத்தான் நீ ஊட்டுக்கு வருவியா?" ஆமாம் என்றால் அவளுக்கு உங்கள் மேல் கோபம் வரும், இல்லை என்றால் அது பொய். தூக்கம் வருகிறது சாமி என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை.

இங்கே சென்னை ஆபீசுக்குப் போகிறவர்கள் பெயரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். போன வருஷத்ததோ, இந்த வருஷத்ததோ, நீலமோ, சாம்பலோ, எனக்கு இனிமேல் கேள்வியே இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். லேப்டாப் அனுப்புங்கள்.

சௌந்தர்யா

*

நாமக்கல்
28 செப்டம்பர் 2025

கண்ணு,

வாங்கிவிட்டேன்.

பதில் எழுத வேண்டாம் என்றாய், அதனால் பத்து நாளும் எழுதாமல் இருந்தேன். குமாரபாளையம் போனேன், ஈரோட்டுக்கும் போனேன். கடைசியில் நம் ஊர்க் கடையிலேயே எடுத்தேன். இந்த வருஷத்து மாடல். நீல மூடி. மாதையன் சொன்னதெல்லாம் சரிதான், நீ சொன்னதும் சரிதான், ஆனாலும் புதியதைத்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்காதே. பெட்டியைப் பிரித்தபோது அபிநயா கைதட்டினாள். மூடியில் முகம் தெரிகிறது.

புதன்கிழமை ஆயுத பூஜை. பட்டறையில் பூஜை போட்டு, இதையும் வண்டிகளோடு வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுநாள் அனுப்புகிறேன். பூஜை போடாத வண்டியை நான் ரோட்டில் இறக்கியதே இல்லை. உன் முதல் வேலை, நல்லபடியாகத் தொடங்க வேண்டும்.

தனபால்

*

அஸ்தம்பட்டி
30 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

கையெடுத்துக் கும்பிடுகிறேன். முதலில் வாங்கியதற்கு. போன வருஷத்ததை வாங்கச் சொன்னேன், புதியதை வாங்கியிருக்கிறீர்கள். சரி. அதைப் பற்றி இந்த ஜென்மத்தில் பேச மாட்டேன்.

இரண்டாவதாகக் கும்பிடுவது, அதைப் பூஜையில் வைக்காதீர்கள் என்று. போனில் சொன்னால் நீங்கள் மறுபடி புராசசரில் ஆரம்பிப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். பெட்டியோடு, மூடியைக்கூடத் திறக்காமல், இன்றைக்கே கந்தவேல் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். பூஜையை நான் இங்கே மனதுக்குள் போட்டுக்கொள்கிறேன். சாமி கோபித்துக்கொண்டால் அது என் பாடு.

திங்கட்கிழமைதான் சோதனை. எனக்கு அதைத் திறந்து பழக நாலு நாளாவது வேண்டும். தயவுசெய்து.

சௌந்தர்யா

*

நாமக்கல்
3 அக்டோபர் 2025

சௌந்தர்யாவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. கந்தவேலு பஸ்ஸுக்கு வாழை கட்டுகிற மும்முரத்தில் சட்டைப் பையிலேயே வைத்து மறந்துவிட்டான். அவனைத் திட்டாதே. திட்ட வேண்டிய ஆள் நான்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறேன். பூஜையில் வண்டிக்கு விளக்கு, கண்ணாடி, சக்கரம் என்று எல்லா இடத்திலும் பொட்டு வைப்போம், ஒரு இடம்கூட விடக்கூடாது. இதற்கும் அப்படியே வைத்தேன். மூடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு. பக்கவாட்டில் வயர் செருகுகிற ஓட்டைகள் இருந்தன. எனக்கு அது வண்டி விளக்கு மாதிரி தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். சந்தனத்தைப் பன்னீரில் நன்றாகத் தளர்த்திக் குழைத்திருந்தேன். எல்லோருக்கும் பொரி கொடுத்து முடித்த பிறகு, உனக்கு அனுப்பும்போது சார்ஜ் நிறைய இருக்கட்டும் என்று துடைத்துவிட்டு வயரைச் செருகினேன். ஒரு தீய்ந்த வாசம் வந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு அது கண் திறக்கவில்லை.

இன்று சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "இதுக்குள்ள என்னங்க போனது?" என்றார்கள். சந்தனமுங்க என்றேன். ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள். சந்தனத்துக்கெல்லாம் வாரண்டி இல்லையாம். உள்ளே பலகையையே மாற்ற வேண்டும், தீபாவளி தாண்டும் என்கிறார்கள். மாதையனிடம் கொடுக்கலாம் என்றால், புதியதைக் கழற்றவே முடியாதே.

ஏன் புதியதை எடுத்தேன் என்று கேட்காதே என்று எழுதினேன். இப்போது சொல்கிறேன். நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சின அன்று, நான் வாங்கி வைத்திருந்த பிரிட்ஜில் 'ஷோரூம் காட்சிக்கு வைத்தது' என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான்தான் கிழிக்க மறந்துவிட்டேன். உன் அண்ணன் சிவபிரகாஷ் மச்சான் எல்லோருக்கும் நடுவில் அதைப் படித்துவிட்டு, "பழைய லாரிக்காரரு ஊட்டுக்குப் பழைய பிரிட்ஜு, பொருத்தமாத்தான் வந்திருக்குது" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது இன்னும் போகவில்லை. என் கையில் வருகிறதெல்லாம் இன்னொருத்தன் ஓட்டி முடித்ததுதான் கண்ணு. உன்னை அந்த வீட்டில் விட்டிருக்கிறேன். அங்கே நீ போன வருஷத்து மாடலைத் திறந்து வைத்து உட்கார, அவர் ஒரு வார்த்தை சொல்லி, நீ தலை குனிந்துவிடுவாயோ என்றுதான் இரண்டு மாதமாக ஒவ்வொரு கடைப் படியாக ஏறி இறங்கினேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கேமரா, புராசசர் என்று ஏதேதோ பேசினேன்.

உன் வேலையைக் கெடுத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தனபால்

*

அஸ்தம்பட்டி
7 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. முதல் பாதியைப் படித்துவிட்டு உங்களைத் திட்டிய திட்டு ஏற்காடு வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது பாதியைப் படித்தேன். அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை. அதுவும் ஒரு எரிச்சல். முழுசாகத் திட்டக்கூட விடுகிறீர்களா?

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். போன வருஷத்து மாடல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். பயிற்சிக் காலத்துக்குக் கம்பெனி எனக்குக் கொடுத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியை என் பெயரில் தவணையாகப் போட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. வெளியே வந்து படியில் நின்றபோது கோபம் என் மேலேயே திரும்பியது. ஆடியிலிருந்து இந்தப் படியை ஏற எனக்கு என்ன தடை? நீங்கள் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள், அதனால் அது உங்கள் வேலை என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். தள்ளிப்போடுவதில் நம் இருவரில் யார் பெரிய ஆள் என்று தெரியவில்லை.

நேற்றுச் சோதனை முடிந்தது. திறந்தார்கள், அவர்கள் மென்பொருளைப் போட்டார்கள், மூடிக் கொடுத்தார்கள். என்ன வருஷத்து மாடல் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை வருகிறேன், இதை இன்று அபிநயாவிடமும் சொல்லிவிடுகிறேன். உள்ளறையில் ஜன்னல் பக்கம் ஒரு மேசை வேண்டும். மேசைக்கு நீங்கள் கடை கடையாக ஏற வேண்டாம், தையல் மெஷின் மேசையே போதும். நீல மூடி சரியாகி வந்தால் உங்கள் தொழிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிப் படங்களைப் போட உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் லேப்டாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். நீங்கள் பயந்த மாதிரியேதான் கேட்டான். "போன வருஷத்து மாடலா? மாப்ள புத்தி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றான். அண்ணி சிரித்தாள். நான் தலை குனியவில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"ஆமாண்ணா. அவருதான் பாத்து எடுத்தாரு. புதுசுல மெமரிய ஒட்டி உட்டிருக்கறான், கழட்ட முடியாது. மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயி, ரெண்டையும் கவுத்துப் போட்டுப் பாத்து, இதுதான் நிக்குமுன்னு சொன்னாரு. ஊரே புதுசு புதுசுன்னு வாங்கிட்டு ஏமாந்து நிக்கையில, பழசுல எது ஓடுமுன்னு பாத்துச் சொல்றவரு என்ற ஊட்டுக்காரரு. அதுலதான் எங்க ஊட்டு அடுப்பு எரியுது."

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். கை கழுவும்போது, அடுத்த மாதம் அவனுக்கும் ஒன்று வாங்க வேண்டுமாம், மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல் என்றான்.

நீங்கள் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். அது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் சொல்லும்போது எனக்கு அது பொய் சொல்கிற மாதிரியே இல்லை.

சௌந்தர்யா